இறால் கூடத்தின் கண்ணாடி

1

ஞாயிறு பூசையில் வாசித்த ஒரு மன்றாட்டிலிருந்து இந்தக் கதை வந்தது: "வளைகுடாவில் போருக்கு நடுவே கப்பலில் இருக்கும் ரெக்சனுக்காக." "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. எனக்குப் பின்னால் ஒரு பெண் மட்டும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. ஐஸில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். இறால் கம்பெனியில் வேலை போலும். மற்றதெல்லாம் நான் கட்டியது. அவள் ரெக்சனின் மனைவி என்பதும், மெட்டில்டா என்ற பெயரும்தான்.

2

"போர் ஆண்களுடையது என்று யார் சொன்ன..." (விட்டுவிட்டேன். இது பிரசங்கம்.)

மறுபடியும்: இறால் உரிக்கும் கூடத்துக்குள் போகிற பெண்கள் போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். தொப்பி, முகமூடி, கையுறை. கண் மட்டும் தெரியும். உரித்த இறாலைப் போட ஆளுக்கொரு பேசன்; அது நிறைந்தால்தான் கூலி.

"மெதுவா உரிளா ஜெபசுதா. அது இறாலு, உன் மாமியா இல்ல."

யாரோ ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. மெட்டில்டாவும் சிரித்தாள். ரெக்சன் பேசி எத்தனை நாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் எண்ணுவதை நிறுத்தியிருப்பாள்.

3

சூப்பர்வைசர் செண்பகத்தை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவள் அதற்கு இணங்கவில்லை.

வெளிநாட்டு வியாபாரிகள் நின்று பார்ப்பதற்கென்று கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அதற்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் தாணுலிங்கம் அண்ணாச்சி ஓடிவந்து, ஒரு போனைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் மட்டும். மெட்டில்டாவின் போன். பெயரில்லாத நீளமான எண்.

கப்பலிலிருந்து பேசினாலும் அப்படித்தான் வரும். கெட்ட செய்தி சொல்லக் கப்பல் கம்பெனி கூப்பிட்டாலும் அப்படித்தான்.

"ஏளா, போ" என்றாள் செண்பகம்.

"பேசன் பாதிகூட நிறையலக்கா. இப்பம் போனா இன்னைக்கு உள்ள விடமாட்டாவ."

அது சாக்கு. எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் அணைந்து, மறுபடி எரிந்தது.

ஜெபசுதா தான் உரித்த இறாலில் ஒரு கை அள்ளி மெட்டில்டாவின் பேசனில் போட்டாள். அடுத்தவள் ஒரு கை. அதற்கடுத்தவள் ஒரு கை. பேசன் நிறைந்தது.

"இப்பம் என்ன சொல்லுத?" என்று கேட்டுக்கொண்டே செண்பகம் மெட்டில்டாவின் கையுறையைக் கழற்றிவிட்டாள்.*

* செண்பகம் அப்போது எந்தச் சாமியை நினைத்தாள் என்று எழுதலாம். அது அவளுக்கும் அந்தச் சாமிக்கும் உள்ளது.

4

ஒரு முடிவு: ரெக்சனின் குரல். இன்னொன்று: வேறு ஒருவரின் குரல், ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, "மேடம், நாங்கள்..."

இரண்டையும் கிழித்துவிட்டேன். நிஜ ரெக்சன் இன்னும் கடலில் இருக்கிறான். அவனைக் காப்பாற்றவோ சாகடிக்கவோ நான் யார்? கதையில் அவன் பெயரையாவது மாற்றியிருக்கலாம். வேண்டுமென்றே மாற்றவில்லை.

மெட்டில்டா கண்ணாடியை நோக்கி நடக்கிறாள். இத்தனை வரிகளில் நீங்களும் அவன் பெயரைப் பலமுறை சொல்லிவிட்டீர்கள். அன்று பூசையில் மன்றாட்டுக்கு அவள் வாயில் வராத பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நீங்கள் சொல்லுங்கள்.