முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

வீரய்யா மாமியாரின் சேவலைத் தின்றுவிட்டான். சாதாரணச் சேவலா அது? வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முனியாண்டிக்கென்று நேர்ந்துவிட்ட சேவல். திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரியாமல் மாமியார் வேலாயி பொலிசில் முறைப்பாடு செய்தாள். தெரிந்ததும் மருமகனை லயத்து வீட்டை விட்டே விரட்டிவிட்டாள். கோயில் மண்டபத்துக் குளிரில் விறைத்துக் கிடந்தவனுக்கு ஒரே ஆசைதான், வீட்டுக்குள் போக வேண்டும்.

அதனால் நீதிமன்றத்து நீதவான் அம்மாவிடம் தானாகவே போய், ஒரே ஒரு பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தோட்டத்து வழக்கம் அப்படி. தோட்டத் தலைவரிடம் உண்மையைச் சொன்னால் அவரே திட்டி, அவரே தண்டம் போட்டு, அவரே கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விடுவார். நீதவான் அம்மாவும், "யாராவது மிரட்டினாங்களா? பயப்படாமச் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டார். பெற்ற தாய்கூட இத்தனை பிரியமாக விசாரித்ததில்லை என்று வீரய்யா உருகிப்போனான்.

வழக்கு நாளில் அதே அம்மா, "இதை நான் விசாரிக்க மாட்டேன். வேற நீதவான் விசாரிப்பாங்க" என்றார்.

"ஏங்கம்மா? உங்கள நம்பித்தானே சொன்னேன்."

"அதனாலதான். நீங்க செஞ்சீங்கன்னு உங்க வாயாலயே கேட்டுட்டேன். இனி நான் தீர்ப்புச் சொன்னா நியாயமா இருக்காது."

உண்மை தெரிந்தவர் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். இதென்ன கூத்து என்று வீரய்யாவுக்குத் தலை சுற்றியது.

வெளியே தேத்தண்ணிக் கடையில் வேலாயியும் அவள் மகள் ஜீவராணியும் உட்கார்ந்திருந்தார்கள். வீரய்யா தயங்கித் தயங்கிப் போய் நின்றான்.

"அத்த, வேற நீதவான் கூப்பிடுற வரைக்கும் கோயில்லயே கெடக்கவா? குளிருதுங்க."

வேலாயி மகளிடம் திரும்பினாள். "ஒம் புருசன். வீட்டுல சேக்கிறதா வேணாமான்னு நீயே சொல்லு."

ஜீவராணி தேத்தண்ணியை ஆற்றினாள். ஆறிப்போனதையே மறுபடியும் ஆற்றினாள். "நான் சொன்னா நியாயமா இருக்காதும்மா."

"ஏன்டி?"

"ரெண்டு காலையும் நான்தான் தின்னேன்."

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டான். பாவம், நீதிமன்றத்தில்கூட மூச்சு விடாமல் காப்பாற்றிய பெயர்.

வேலாயி குரலைத் தாழ்த்தி, "அப்ப, கடையில வாங்கினதுன்னு எனக்குக் குடுத்த ஈரலு?" என்றாள்.

மகளும் மருமகனும் ஜீவராணியின் கோப்பைக்குள்ளேயே பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டு வாங்கித் தின்றது வேலாயிக்கு நன்றாக நினைவிருந்தது. இனித் தீர்ப்புச் சொல்ல மிச்சமிருந்தது முனியாண்டி ஒருவர்தான். அவர் வாயில்தான் ஒரு துண்டும் படவில்லை.

"எந்திரிங்க மாப்பிள்ள," என்றாள் வேலாயி. "வீட்டுக்குப் போவோம், பஸ்ஸு போயிரும்."