முதுகுப்பக்கத்து ஜிப்

ஃபராஸ் தைத்த சுடிதாரில் அளவு தப்பிவிட்டது என்று மந்தைவெளியில் இதுவரை ஒரு பெண்ணும் சொன்னதில்லை. அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு. அது உடைந்தது சொந்தப் பெண்டாட்டியிடம்.

ரூபீனா ஈட்டி எறிகிறவள். சாந்தோமில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. மூன்று வருஷமாக அவள் உயிரை விட்டுப் பயிற்சி செய்ததெல்லாம் அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது ஜெர்சியோடு கடைக்கு வந்தாள்.

"வலது கைக்குழியை மட்டும் அரை இஞ்ச் பெருசு பண்ணிக் குடுங்க."

"போன மாசம்தானே பழைய ஜெர்சியைப் பெருசு பண்ணேன்?"

வலது கைக்காரி ஜெர்சியை இடது கையால் நீட்டுவதை அப்போதுதான் கவனித்தான்.

"ரெண்டு கையையும் முதுகுப்பக்கம் மடக்கி மேல ஏத்து, பாப்போம்."

இடது கட்டைவிரல் தோள்பட்டை எலும்பைத் தொட்டது. வலது கை இடுப்போடு நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எறியுற கை அப்டித்தாங்க. பின்னாடி நல்லா சாயும், உள்ள மடங்காது. எறியிறவங்க எல்லாருக்கும் கீது."

"வலியும் எல்லாருக்கும் கீதா?"

அவள் பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அடையாறு டாக்டர் மாளவிகா பத்து நாளைக்கு முன்பே சொல்லிவிட்டாராம். தோள்மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, நாலு மாசம் ஈட்டியைத் தொடக்கூடாது, மீறினால் முழுசாக அறுந்துவிடும்.

பத்து நாள்! கத்துவதற்கு வாயைத் திறந்த ஃபராஸ் அப்படியே அடங்கிப்போனான். முன்பு ஒரு தடவை முதுகு ஜிப் எட்டவில்லை என்றாள், முன்பக்கம் பட்டன் வைத்தான். கை தூக்கினால் பிடிக்கிறது என்றாள், கைக்குழியைப் பிரித்துவிட்டான். ஏன் எட்டவில்லை என்று ஒரு தடவையாவது கேட்டானா, மடையன்?

"தப்பு என் மேல ரூபி. கை மடங்காம போகப் போக, துணியைப் பெருசு பண்ணிப் பண்ணியே உன் வலியை மறைச்சுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வாட்டிங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு முப்பது ஆவுது. அடுத்த வருஷம் யாரு கூப்புடுவாங்க?"

"நாப்பதுலயும் எறி, யாரு வேணான்னது? கை இருந்தாதானே எறிவே?"

ஜெர்சியைப் பிரிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை வாங்கிப் பையில் வைத்தாள். பிறகு கோச்சுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவன் மேல் சாய்ந்து அழுதாள். ரவிக்கை வாங்க வந்த பாஞ்சாலியக்கா வாசலோடு திரும்பிப் போய்விட்டாள். நல்ல மனுஷி.

அழுகை ஓய்ந்ததும் ஃபராஸ் அவளுடைய பெருநாள் துணியை மேஜையில் விரித்தான். முதுகுப்பக்கம் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டான்.

"இன்னாது, பின்னாடி ஜிப்பா? எனக்குத்தான் எட்டாதே!"

"எட்டும். எட்டுற வரைக்கும் நான் போட்டு உடுறேன்."

ரூபீனா மூக்கை உறிஞ்சினாள்.

"அப்போ மெதுவாவே எட்டட்டும்" என்றாள்.