ஜெசிக்காவுக்கு இடம் கிடைக்குமா?

மொன்றியலில் செலீன் அந்த ஞாயிறு பூசைக்குப் போனது முழுக்க ஆண்டவருக்காக அல்ல. பூசை முடிந்ததும் கோயிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியோடு உட்காரும் நீக்கிலாப்பிள்ளைக்காக. தன் மூன்று பிள்ளைகளையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர் என்பதால், யாருடைய பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று சொல்லும் உரிமையை அவர் தாமே எடுத்துக்கொண்டிருந்தார். சனமும் விட்டுக்கொடுத்திருந்தது.

“அண்ணை, ரொறன்ரோவில இருக்கிற என்ர தங்கச்சி மெற்றில்டாவின்ர மகள் ஜெசிக்கா, இஞ்ச டவுன்டவுன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைக்குமோ?”

“வெளிமாகாணப் பிள்ளை. எங்கட பிள்ளையளை நிறுக்கிற தராசில அவளை நிறுக்கேலாது. மார்க் எவ்வளவு?”

“எண்பத்தாறு எண்டு தங்கச்சி சொன்னவள்.”

நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடினார். “மொன்றியல் சனம் நாவூறுக்குப் பயந்து குறைச்சுச் சொல்லும், நான் அஞ்சு கூட்டுவன். ரொறன்ரோச் சனம் எடுப்புக்குக் கூட்டிச் சொல்லும், அஞ்சைக் கழிக்கவேணும். எண்பத்தொண்டு. சரிவராது பிள்ளை. மனசைத் தேத்திக்கொள்ளு.”

செலீன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். உள்ளே மனம் துள்ளியது.

பெறாமகளுக்கு இடமில்லை என்றதும் துள்ளுகிற பெரியம்மா உண்டா என்றால், உண்டு, காரணமும் உண்டு. மெற்றில்டாவைப் பொறுத்தவரை அக்கா நகரின் தொலைவான விளிம்பில், பியர்பொன்ட்ஸில், நாலு அறை வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டை விற்று இரண்டு வருடம். புருசன் அன்டனின் சாப்பாட்டுக்கடை படுத்ததும், நகருக்குள் வில்லரேயில் ஒரு தெப்பனருக்கு, அதாவது மூலைச் சில்லறைக்கடைக்கு மேலே வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தங்கைக்குச் சொல்ல வெட்கம். வீடியோவில் கதைத்தால் வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்று கதைப்பாள். நத்தார்ப் பண்டிகைக்கு, “நீங்கள் ஏன் பனிக்குள்ள அலையிறியள்?” என்று தானே ரொறன்ரோவுக்கு ஓடிவிடுவாள். ஜெசிக்கா வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வரமாட்டாள் என்று ஆனபின் செலீனுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. அன்றே டெலிபோன் எடுத்தாள். “ஜெசிக்கா வந்தா எங்களோடதான் இருக்கவேணும். மேலறை சும்மா கிடக்கு. வேற எங்கையும் விட்டியெண்டா உன்னோட கதைக்கமாட்டன், அந்தோனியார்மேல ஆணை!”

அன்டன் தலையில் கைவைத்தான். “உனக்கென்ன விசரே?”

“வராத பிள்ளைக்கு அறை குடுத்தா என்ன குறைஞ்சுபோகும்?”

பனி கரையத் தொடங்கிய ஒரு மாலையில் மெற்றில்டா போனில் கூவினாள். இடம் கிடைத்துவிட்டது.

“எண்பத்தாறுக்கோ?” செலீன் நம்பாமல் கேட்டாள்.

“இல்லையக்கா, தொண்ணூற்றாறு. கண்படுமெண்டு பத்தைக் குறைச்சனான்.”

“கூடப்பிறந்தவளின்ர கண்ணுமோடி படும்? எனக்கே பொய் சொன்னனியே!”

கத்தி முடித்த பிறகுதான், அப்படிக் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று உறைத்தது. மறுபக்கத்தில் மெற்றில்டா அழத் தொடங்கியிருந்தாள். அதைச் செலீனால் தாங்க முடியவில்லை. விற்ற வீடு, படுத்த கடை, வெள்ளைச் சுவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“ரெண்டு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமலோ அக்கா?” என்றாள் மெற்றில்டா மெல்ல. செலீனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போனை ஜெசிக்கா பறித்தாள். “பெரியம்மா, வில்லரேயில மெட்ரோ கிட்டவோ?”

“கீழ இறங்கி நாலடி நடந்தாக் காணும். ஆனா அறை இல்லையம்மா, ஹோலிலதான் படுக்கவேணும்.”

“ஹோல் போதும்! பியர்பொன்ட்ஸ் எண்டா பஸ்ஸுக்குள்ளயே என்ர டிகிரி முடிஞ்சிருக்கும். வேண்டாமெண்டு அம்மாவோட எவ்வளவு சண்டை பிடிச்சனான் தெரியுமோ? உங்கட ஆணைக்குப் பயந்துதான் ஓமெண்டனான்.”

அடுத்த ஞாயிறு நீக்கிலாப்பிள்ளை தாமே செலீனைத் தேடி வந்தார். “அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதாமே? உண்மையில எத்தினை மார்க்?”

செலீன் சுற்றிப் பார்த்தாள். மண்டபம் முழுக்கக் காது.

“எண்பத்தாறுதான் அண்ணை,” என்றாள்.