பழுது இல்லை

பின் சீட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். அதுதான் முறை. பானட்டுக்குள் ஓரமாக இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகும் மஞ்சள் ஃபியூஸை மெக்கானிக் இரண்டு விரலால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள" என்றார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் என்ஜின் நாலு விநாடி ஓடியது, இரண்டு தடவை இருமியது, அடங்கிவிட்டது. "அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட சூரனா இருந்தாலும் தீனி நின்னா படுத்துருவான்" என்றார். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமனார் சொல்கிற சப்பை ஜோக்குக்கெல்லாம் இப்படிச் சிரிக்கிற மருமகன் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? மெக்கானிக்குக் காலையிலேயே மனசு நிறைந்துவிட்டது.

வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஷெட். அதற்குள் நீல நிற டர்போ கார். ஷெட்டைப் பார்த்த ஜன்னல் மூடியிருந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் மகள் இருந்தாள். வந்து எட்டு நாள் ஆகிறது. புருஷன் வந்து இறங்கி ஒரு மணி நேரமாகியும் அவள் வெளியே வரவில்லை, அவனும் கேட்கவில்லை. "சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடறேன் மாமா" என்று மட்டும் சொன்னான். "தாராளமா" என்றார் இவர். அவளுடைய பையைக் காலையிலேயே எடுத்து வாசல் கதவோரம் வைத்ததும் இவர்தான். தாயில்லாப் பிள்ளை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்பது அவருடைய கட்சி.

மெக்கானிக் முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் குப்பை கொட்டியவர். தினமும் டிரைவர்கள் புகார் நோட்டில் எழுதுவார்கள்: பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டீயரிங் இழுக்கிறது, கியர் விழவில்லை. பாதிப் பேருக்கு லீவு வேண்டும், மீதிப் பேருக்கு வேறு பஸ் வேண்டும். அதனால் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் புகாரையும் நம்புவதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். டெப்போவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிவப்பு மையில் 'பழுது இல்லை' என்று எழுதிவிடுவார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே அதுதான். "பழுதில்லை வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

எட்டு நாளைக்கு முன்னால் மகள் ஒற்றைப் பையோடு வந்து நின்றபோதும் அவர் முதலில் அவள் முகத்தையும் கையையும்தான் பார்த்தார். காயம் இல்லை.

"அடிச்சானா?"

"இல்லப்பா."

"குடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்ல. சண்டை வந்தா வண்டில ஏறுன்னுவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பைபாஸ்ல ஏத்தி, நான் வாய மூடற வரைக்கும் மிதிப்பாரு. மீட்டர் கண்ணுல படக் கூடாதுன்னு நான் பின்னாடி உக்காந்துக்குவேன். அங்க சீட்டுக்கு அடியில இருந்து கொய்ங்ங்னு ஒரு சத்தம் வரும்ப்பா. அது கேட்டா மிதிக்கப் போறாருன்னு அர்த்தம்." பையைக் கீழே இறக்கி வைத்தவள், "முன்னாடி உக்காந்தப்ப பாத்திருக்கேன், நூத்தி அறுபதுல வண்டி திணற ஆரம்பிச்சுடும். அதுக்கு மேல போகாது. அது ஒண்ணுதான் நிம்மதி" என்றாள்.

இதைக் கேட்ட ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும்? எதையாவது செய்திருக்கலாம். இவருக்கோ காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். "திணறக் கூடாதேம்மா" என்றார். "டர்போ கேக்கற அளவுக்குப் பெட்ரோல் போகல. பம்ப் வீக்கு." மகள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அன்றைக்கே மருமகனுக்குப் போன் போட்டு, பெரிய பம்பாக ஒன்று வாங்கச் சொன்னார், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வந்தால் தானே மாட்டித் தருவதாகவும் சொன்னார். "திணறுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டான் அவன். "உங்க வீட்டுக்காரம்மாதான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கத்தான் செய்யும், வந்து பேசினால் சரியாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

பின் சீட்டைத் தூக்கியபோது இடது பக்க விளிம்பில் தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. எலி கடித்த மாதிரி இருந்தது. "என்ன மாப்ள இது?" என்றார். "அவ வேலதான் மாமா. உக்காந்தா கை சும்மா இருக்காது. நோண்டிட்டே வருவா" என்றான். அவர் "சின்னதுலயே அப்படித்தான்" என்றார். சின்ன வயதில் அவள் எதையும் நோண்டியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. பேச்சுக்குச் சொன்னார்.

சீட்டுக்கு அடியில் தகர மூடி, அதற்குக் கீழே டேங்க்கின் வாய். பூட்டு வளையத்தை இரும்பால் தட்டினால் பொறி பறக்கும், அப்புறம் காரும் இருக்காது, வீடும் இருக்காது. பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டித் தட்டிக் கழற்றினார். பம்பை மிதவையோடு சேர்த்துச் சாய்த்து, பிள்ளையை எடுக்கிற மாதிரி வெளியே எடுத்தார். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. மருமகன் புதுப் பம்போடு ஒரு முழம் ரப்பர் ஹோஸும் வாங்கி வந்திருந்தான். மெக்கானிக் அதை வளைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

"இது வெளியில போற லைனுக்கு. டேங்க்குக்குள்ள பெட்ரோல்ல மூழ்கியே கிடந்தா ரெண்டு மாசத்துல ஊதிப் பிஞ்சுடும். அப்புறம் வண்டி மறுபடியும் திணறும்."

"அப்ப என்ன பண்றது மாமா?"

"இருக்கறப்ப என்ன கவலை?" என்று அலமாரியிலிருந்து, டேங்க்குக்குள்ளேயே கிடந்தாலும் கெடாத ஹோஸை எடுத்து வந்தார். நேற்று அதற்காக மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். மருமகன் வாங்கி வந்ததையே மாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தப்பாக மாட்டக் கை வராது அவருக்கு.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மஞ்சள் ஃபியூஸை அதன் இடத்தில் திரும்பச் சொருகிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். பின்னாலிருந்து கொய்ங்ங் என்று சத்தம் எழுந்து அடங்கியது. பழையதைவிடக் கனமான சத்தம். "பெரிய பம்ப் இல்லையா, கொஞ்சம் கத்தும்" என்றார். "கத்தட்டும் மாமா. கத்தினாதான் கெத்து" என்றான். அப்போது ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததென்று சொல்கிற ஆள் இல்லை அவர். "பம்ப் சத்தத்தக் கேக்கணும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பைபாஸ் வரைக்கும் மருமகன் பவ்யமாக ஓட்டினான். நல்ல மனநிலையில் இருக்கிறான், இப்போதே பேசிவிடலாம் என்று நினைத்தவர், சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

"பொண்ணு ஏதோ சொல்லிட்டிருந்தா மாப்ள. சண்டைன்னா வண்டில ஏத்திடறீங்களாமே? பயப்படறா. கொஞ்சம் பாத்து..."

கண்ணாடியில் தெரிந்த முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "உங்ககிட்டயே வந்து சொல்லிட்டாளா" என்றான். அதற்கப்புறம் பேச்சே இல்லை. முதுகு சீட்டில் அறைந்தபோதுதான் அவன் மிதித்துவிட்டான் என்பது மெக்கானிக்குப் புரிந்தது. அடியில் பம்ப் கத்தத் தொடங்கியது. எட்டி மீட்டரைப் பார்த்தார். நூற்று இருபது. நூற்று நாற்பது. "நல்லா இழுக்குது மாப்ள, போதும்" என்றார். நூற்று அறுபது வந்தது, திணற வேண்டிய இடம் வந்தது, வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அதைக் கடந்து போனது. எப்படித் திணறும்? மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய ஹோஸ் அல்லவா? "போதும்ங்க. லாரி போகுது பாருங்க." லாரியின் பின்பக்கம் முன்கண்ணாடி முழுக்க நிறைந்தது. கார் ஒரு முழ இடைவெளியில் விலகி அதைத் தாண்டியது. "டேய், நிறுத்துடா!" என்று கத்தினார். மருமகனை டேய் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வண்டி இன்னும் வேகமானது. அவர் எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவினார். பிரிந்த தையலும் பஞ்சும் கையில் அகப்பட்டன. நாலு விரலும் அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தன. அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை.

அவர் வாயை மூடியதும் வேகம் குறைந்தது.

நூறு. எண்பது. இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்குப் பிள்ளையாக யூ டர்ன் எடுத்தான். "பாத்தீங்களா மாமா, திணறவே இல்ல. கைன்னா உங்க கைதான்" என்றான், பழைய சிரிப்போடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று டெப்போவில் எத்தனை டிரைவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பார்கள்! அப்போதெல்லாம் அவர் சிரிப்பார். இப்போது அவருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

ஷெட்டில் வண்டி நின்றது. "அவள ரெடியாகச் சொல்லுங்க மாமா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றான். மெக்கானிக் இறங்கிக் காரின் முன்பக்கம் போனார். "பானட்டத் திறங்க. லீக் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடறேன்" என்றார். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் வந்தது. அவன் பானட்டைத் திறந்துவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போனான். அவர் பார்த்துவிட்டு மூடினார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மகள் கூடத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. அவர் ஒரு கையால் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. இன்னொரு கை மூடியே இருந்தது. அவள் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"எவ்வளவு போனாரு?"

"நூத்தித் தொண்ணூறு இருக்கும்."

"திணறலையா?"

"இல்லம்மா."

"நல்லா மாட்டியிருக்கீங்க" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகளின் தோள்கள் தானாக ஒடுங்கின. அவருடைய தோள்களும் ஒடுங்கின. இரண்டு பேரும் அந்தக் கொய்ங்குக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. என்ஜின் மட்டும் ஓடியது, நாலு விநாடி. இரண்டு தடவை இருமி அடங்கியது. திரும்பச் சாவி திருப்பும் சத்தம். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மூடிய கையை மேஜைமேல் வைத்து விரித்தார். மஞ்சள் ஃபியூஸ் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"டிக்கில ஸ்பேர் ஃபியூஸ் இருக்கு" என்றார். "காலையில நான் பிடுங்கினதப் பாத்தவன்தான். பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான்."

அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற பேட்டரி இறங்கிக்கொண்டு வந்தது அவர் காதுக்குத் தெரிந்தது. "மாமா!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. நல்ல மரியாதையான குரல். "மாமா, கொஞ்சம் வாங்களேன்!"

மகள் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொரு கால் செருப்போடு தரையில் ஊன்றியபடியே இருந்தது.