காட்டு வளைவு

தேர்வுக்கு வந்தவர்கள் தேர்வாளரையே சுமந்துகொண்டு இறங்குவது எங்கள் மலை வழக்கம். உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு முந்தின நாள், மருத்துவக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தொண்டர் பந்தயத் தடத்தில் படகை இறக்கிக் காட்ட வேண்டும். படகு என்று நாங்கள் சொல்வது நீளமான அலுமினியத் தொட்டி. முன்னால் இரண்டு கைப்பிடி, பின்னால் இரண்டு கைப்பிடி. அடிபட்டவரை அதில் கிடத்தி, ஸ்கீ மாட்டிய இருவர் முன்னும் பின்னும் பிடித்து இறக்குவார்கள். தேர்வன்று அடிபட்டவராகப் படுப்பது குழுவின் பழைய ஆள். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

இந்த வருஷம் படுத்தது நான். பின் கைப்பிடிக்கு வந்தவள் லடீனா, ரொட்டிக்கடைக்காரரின் மகள், நர்ஸ். முன் கைப்பிடி எப்போதும்போல ஃப்ளூரின். அவனுக்குப் பின்னால் இத்தனை காலம் நின்றவள் நான்தான். என் இடது முட்டி கெட்டுப்போனதால் என்னை அடிவாரக் கூடாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போர்வை, சூடான தேநீர், கட்டுத்துணி.

"அவ தேறலன்னா சொல்லு," என்று குழுத் தலைவர் டூரி காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "முட்டிக்குப் பட்டை போட்டுக்கிட்டு இந்த ஒரு பந்தயத்துக்கு நீயே நில்லு. எனக்கு வேற ஆள் இல்ல."

அதைக் கேட்டபோது என் முட்டி வலிக்கவே இல்லை.

ஃப்ளூரின் மேல் எனக்குக் காதல் கிடையாது. ஒரு மாலை முழுக்க அவனோடு உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவி வரும். மாடுகளும் அவனுடைய பழைய டிராக்டரும்தான் பேச்சு. "அந்தப் படகுக்கும் உனக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கலாம். நான் மாப்பிள்ளைத் தோழனா நின்னிருப்பேன்" என்று என் கணவர் கிளாவ் கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஒன்றை நான் அவரிடம் சொன்னதில்லை. தடத்தின் பாதியில், காட்டை ஒட்டி ஒரு இடது வளைவு இருக்கிறது. தடத்திலேயே ஐஸ் மிக இறுகிக் கிடக்கும் இடம் அது. வளைவுக்குச் சற்று முன்னால் ஃப்ளூரின் தோளுக்கு மேலாக ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பான். ஒரு கணம்தான். வீட்டிலோ வேலையிலோ யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் இருக்கிறேன், அது போதும் என்பதுபோல. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான் மேலே ஏறியது அந்த ஒரு கணத்துக்காகத்தானோ என்று முட்டி போன பிறகுதான் யோசித்தேன்.

என்னைப் படகில் கிடத்திப் பட்டைகளை இழுத்துக் கட்டினாள் லடீனா. மலைமேல் எங்களுக்குள் வயது வித்தியாசம் கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். அடிவாரத்துக்கு வந்தால் மரியாதை திரும்பிவிடும்.

"மூச்சு முட்டுதா உனக்கு?"

"அடிபட்டவ பேச மாட்டா."

"அடிபட்டவதான் நிறையப் பேசுவா. எங்க வார்டுக்கு வந்து பாரு."

ஃப்ளூரின் சிரித்தான். என்னோடு இறங்கும்போது அவன் சிரித்ததாக நினைவில்லை.

கிளம்பினோம். தலை மேட்டுப்பக்கம், கால் பள்ளத்துப்பக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃப்ளூரினின் முதுகு, அவன் குல்லாய்க்குக் கீழே சிவந்த கழுத்து. இத்தனை காலம் நின்று பார்த்ததை இன்று படுத்துப் பார்த்தேன். வளைவு வந்தது. நான் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் திரும்பவில்லை.

அந்தக் கணத்தில் படகின் பின்பக்கம் தடத்தோரப் பாதுகாப்பு வலைப்பக்கமாக ஒரு முழம் வழுக்கியது. நான் பதறுவதற்குள் லடீனா பிடித்து நேராக்கிவிட்டாள். என் கழுத்துக்கு அடியில் சின்ன அதிர்வுகூட இல்லை.

அடிவாரத்தில் டூரி குனிந்து பார்த்தார். "என்ன உர்சினா, உசிரோட இருக்கியா?"

"காட்டு வளைவுல பின்பக்கம் வழுக்கிச்சு," என்றேன்.

லடீனாவின் முகம் சுருங்கியது. "ஆமா, வழுக்கிச்சு" என்றாள்.

"தப்பு என்னோடது. நான் சீக்கிரமாத் திருப்பிட்டேன்" என்றான் ஃப்ளூரின்.

அவன் சீக்கிரமாகத் திருப்பவில்லை. அவன் எப்போது திருப்புவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்காகப் பொய் சொல்கிறான். திரும்பிப் பார்க்காமலே நம்பவும் செய்கிறான். அப்படியென்றால் என்னைத் திரும்பிப் பார்த்ததெல்லாம் நம்பாததாலா? நான் ஒழுங்காகப் பிடித்திருக்கிறேனா என்ற அவன் சந்தேகத்தையா இவ்வளவு நாளும் பொக்கிஷமாக வைத்திருந்தேன்?

டூரி காத்திருந்தார். 'வேண்டாம்' என்ற சொல் நாக்கிலேயே இருந்தது. ஆனால் அந்த வழுக்கலை என்னால் அவ்வளவு மென்மையாகப் பிடித்திருக்க முடியாது. அது மனதைவிட என் முதுகுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நல்லாப் பிடிச்சா. நாளைக்கு நிக்கட்டும்" என்றேன். குரல் மட்டும் கடுகடுவென்று வந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் லடீனா. அடிவாரம் வந்துவிட்டதல்லவா.

பார்லி சூப்புக்கு வரிசையில் நின்றபோது ஃப்ளூரினிடம் கேட்டேன். "வளைவுல நீ திரும்பிப் பாக்கலையே?"

"எந்த வளைவுல?"

"காட்டு வளைவுல. எப்பவும் பாப்பியே."

"நானா?" கரண்டியைக் கையில் பிடித்தபடி உண்மையாகவே யோசித்தான். "பாத்தேனா? தெரியலையே. ரொட்டி வேணுமா உனக்கு?"

மறுநாள் பந்தயம். கூடாரத்து வாசலிலிருந்து காட்டு வளைவு நன்றாகத் தெரியும். நடுவில் ஒரு நோர்வேக்காரப் பையன் குதித்து இறங்கும் மேட்டில் விழுந்தான். மஞ்சள் கொடி ஆட்டினார்கள், அடுத்தவனை மேலேயே நிறுத்தினார்கள். கூட்டம் அடங்கிப்போனது. ரேடியோவில் டூரி, "வலது கால், நினைவு இருக்கு, படகு வருது" என்றார்.

நான் போர்வையை விரித்துவிட்டு நிமிர்ந்தேன். சிவப்புப் படகு வளைவை நெருங்கியது. திரும்பாதே என்று வேண்டிக்கொண்டேன். நேற்று அவன் திரும்பாததுதான் என்னைச் சுட்டது. இன்று அவன் திரும்புவதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஃப்ளூரின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். அதே பார்வை. இவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

படகு வந்து நின்றது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, தான் விழுவதற்கு முன் நேரம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான். "நீ கழுத்தப் பிடி," என்றாள் லடீனா, அடிவாரம் என்பதை மறந்து. பிடித்தேன். மருத்துவர் காலைப் பார்த்தார். ஹெலிகாப்டர் வந்து அவனை எடுத்துப்போகும்வரை வேறு நினைப்பு இல்லை.

பிறகு, நானும் லடீனாவும் படகை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"வளைவுல ஃப்ளூரின் உன்னைப் பாத்தானே. எப்படிப் பாத்தான்?"

லடீனா விழித்தாள். "அவர் பாத்தாரா? நான் கவனிக்கலைங்க. எனக்கு அந்தப் பையன் தலைமேலதான் கண்ணு. பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு." பயந்துபோய்க் கேட்டாள்: "ஏன், நான் பாத்திருக்கணுமா?"

அவள் கண்ணில் படாமலே அந்தப் பார்வை போயிருக்கிறது. இத்தனை பந்தயங்களில், அந்த வளைவில், நான் ஒருமுறையாவது படகில் கிடந்தவரின் தலையைப் பார்த்தேனா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஃப்ளூரினின் சிவந்த கழுத்துத்தான் வந்தது.

"இல்ல," என்றேன். "நீ அங்கதான் பாக்கணும்."

பிரஷ்ஷை அவள் கையிலிருந்து வாங்கி, பின் கைப்பிடியை நானே துடைத்தேன்.