நீலத் தொட்டியும் இரட்டை முடிச்சும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தரைத்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் அறையில் கூடியவர்கள், வீட்டுக்கு ஒருவர் வீதம் இருபத்து நான்கு பேர். கூடுதலாக ஒரே ஒருவர். குடியிருப்போர் சங்கத் தலைவரான பல் டாக்டர் சுவரோரம் போட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை அடைத்தாற்போல் பஸ் டிரைவர். இடப்பக்கம் நான்காம் மாடி டீச்சர், மடியில் வருகைப் பதிவேட்டுடன். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து தூக்கிவந்த நாற்காலிகளில் மூன்று வரிசையாக. நாற்காலி கொண்டுவர மறந்த இருவர் சைக்கிள் கேரியர்களில். முதல் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் முடிச்சக்கா. அந்தக் கூடுதல் ஆள் அவள் கணவர். கடிகாரம் பழுது பார்ப்பவர். எந்தப் பக்கமும் சாயாதிருக்கக் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு அந்த எச்சரிக்கை தேவைதான். ஜன்னலை அடைத்து உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் அவருடைய சொந்தத் தம்பி.

விஷயம் இதுதான். குப்பையைப் பிரித்து வாங்கும் ஏற்பாடு தொடரட்டுமா, வேண்டாமா என்று நகராட்சி ஒவ்வொரு கட்டடத்துக்கும் கடிதம் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். ‘வேண்டாம்’ என்றாலோ, பதிலே போகாவிட்டாலோ, முற்றத்தில் நிற்கும் நீலத் தொட்டி அடுத்த திங்களன்று போய்விடும்.

அந்தத் தொட்டி முடிச்சக்காவின் தொட்டி என்றே பேர். முப்பத்தோரு வருடம் அஞ்சலகத்தின் பார்சல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். எட்டு மாதத்துக்கு முன்னால் தொட்டி வந்து இறங்கியதும் இருபத்து நான்கு கதவையும் தானே தட்டி, பாட்டிலைக் கழுவு, கவிழ்த்து உலர்த்து, கறுப்புப் பையில் போடு, வாயைச் சுருக்கி இரட்டை முடிச்சுப் போடு என்று சொல்லிக் கொடுத்தாள். வாய் திறந்த பையைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும். முடிச்சக்கா என்ற பேரும் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

பஸ் டிரைவர் எழுந்தார். போன புதன்கிழமை, தன் வார விடுமுறை நாளில், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்பை லாரியின் பின்னாலேயே போனதாகச் சொன்னார். லாரி தரம் பிரிக்கும் கூடத்துக்குள் போனது. அரை மணி கழித்துப் பின்வாசல் வழியாக ஒரு டிராக்டர் வெளியே வந்தது. அது நிறையக் கறுப்புப் பைகள். நேரே ஊர்க்கோடிக் குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டியது.

“நம்ம பைதான் அண்ணி,” என்றார். “எனக்குத் தெரியாதா? உங்க முடிச்சை அவிழ்க்கப் போய் என் பொண்டாட்டி ரெண்டு நகத்தை உடைச்சிருக்கா.”

அறையில் சலசலப்பு எழுந்தது. “அப்போ எட்டு மாசமா குப்பையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்கோம்,” என்றார் கேரியரில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். முடிச்சக்கா சிரிக்கவில்லை. கொழுந்தன் முரடன்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் அப்போதே கை தூக்கச் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். முடிச்சக்கா எழுந்து வியாழக்கிழமை மாலை வரை அவகாசம் கேட்டாள். பதில் வெள்ளிக்கிழமைதானே போக வேண்டும் என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தாள். சரி என்று கூட்டம் கலைந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை, முதல் பஸ்ஸிலேயே முடிச்சக்கா கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். தகரக் கூரை, நீளமாக ஓடும் ரப்பர் பட்டை, அதன் இரு பக்கமும் முழங்கைவரை கையுறை போட்ட பெண்கள். பாட்டில் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று பட்டையில் வருவதை விரல் நுனியால் பறித்துப் பறித்துப் போட்டார்கள். அஞ்சலகத்தில் ஊர் ஊராகத் தபால் பிரித்த கைகள் அவளுக்கு நினைவு வந்தன. சற்றுத் தள்ளி, அழுத்தும் இயந்திரம் பாட்டில்களை ஆள் உயரக் கட்டியாக்கித் துப்பியது. ஆலைக்குப் போகும் லாரியில் அந்தக் கட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஆக, வேலை நடக்கத்தான் செய்கிறது. பிறகு எங்கள் பைக்கு மட்டும் என்ன கேடு?

மேற்பார்வை பார்க்கும் பெண்மணி அவளைப் பின்வாசல் மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே, போன வாரம் டிராக்டரில் இடம் போதாமல் தங்கிவிட்ட பத்துப் பதினைந்து கறுப்புப் பைகள் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரே அளவில், ஒரே திருகலில் இரட்டை முடிச்சு. ஆயிரம் பைக்கு நடுவிலும் முடிச்சக்கா அதை அடையாளம் சொல்லியிருப்பாள்.

“இது முடிச்சு வீட்டுப் பை. நாங்க வெச்ச பேரு,” என்றாள் மேற்பார்வைக்காரி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. “கட்டின பையைப் பிரிக்கக் கூடாதும்மா. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம ஒரு பொண்ணு கையை விட்டா, உடைஞ்ச கண்ணாடி. அன்னையிலேர்ந்து கட்டின பை பெல்ட்டுல ஏறாது. தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கே? மூணு தடவை சீட்டு கூட ஒட்டியனுப்பினோம்.”

முடிச்சக்கா வீடு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் முற்றத்துக்குப் போனாள். போட எடுக்க வசதி என்று நீலத் தொட்டியின் மூடியை எட்டு மாதமாகப் பின்னால் மடக்கிச் சுவரோடு சாய்த்தே வைத்திருந்தார்கள். அதை இழுத்து மூடினாள். மூடியின் மேல்பக்கத்தில், ‘பைகளைக் கட்டாதீர்கள். பொருள்களைத் தொட்டியில் அப்படியே கொட்டுங்கள்’ என்று உள்ளங்கை அகல எழுத்து. அதன் கீழே வரிசையாக மூன்று மஞ்சள் சீட்டுகள். சுவரைப் பார்த்தபடியே வெளுத்துப் போயிருந்தன.

அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. கணவர் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நாளையிலிருந்து பையை மட்டும் நிறுத்திவிட்டால் போயிற்று, முடிச்சுதான் காரணம் என்று ஊர் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்பது அவர் கேள்வி.

“பார்சல் தப்பாப் போனா, யார் கைத்தப்புன்னு எழுதி ஒட்டித்தான் திருப்பி அனுப்புவோம்,” என்றாள். “இல்லேன்னா அடுத்ததும் தப்பாத்தான் போகும்.”

செவ்வாய் மாலை முற்றத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துப் பைகளை அவளே அவிழ்த்தாள். முதல் முடிச்சுக்கே நகம் வலித்தது. இருபத்து நான்கு வீட்டாரும் இதை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த எரிச்சலிலும் ஒரு பெருமை. கணவர் கடிகாரம் பிரிக்கும் இடுக்கியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். ஒரு பக்கமாக அவர் சாய்ந்தது அன்றுதான். தொட்டி நிறைந்தபோது, பாட்டிலும் டப்பாவும் தகரமுமாக, கழுவிய பாத்திரம் போல மின்னியது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழுந்தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“வண்டியை எடுங்க தம்பி. போன வாரம் பின்வாசலைப் பார்த்தீங்க. இன்னைக்கு உள்ளே போய்ப் பார்ப்போம்.”

விடுமுறை நாளின் தூக்கம் கெட்ட கடுப்பில் அவர் வழியெல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார். கூடத்தில் பட்டைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் கட்டடத்துச் சுமை சரிந்து வந்து பட்டையில் ஏறியது. பெண்களின் கைகள் வேகம் பிடித்தன. பத்தில் மூன்று, எண்ணெய் ஊறிய அட்டையும் மெல்லிய உறைகளும், மேட்டுக்குத்தான் போகும் என்று மேற்பார்வைக்காரி ஒளிக்காமல் சொன்னாள். மற்ற ஏழும் தரம் தரமாகக் கூடைகளில் விழுந்தன. சட்டென்று பஸ் டிரைவர் கட்டிய கையை அவிழ்த்து நீட்டினார். ஒரு மஞ்சள் எண்ணெய் டப்பா போய்க்கொண்டிருந்தது. அவருடைய ஸ்கூட்டரே ஏறி ஒரு பக்கம் நசுங்கிய டப்பா. ஒரு பெண் அதை எடுத்துத் தன் பின்னால் போட்டாள். அது கட்டியாகி ஆலை லாரியில் ஏறும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வியாழன் மாலை கூட்டத்தில் அதே அறை, அதே நாற்காலிகள். முடிச்சக்கா நின்றுகொண்டே பேசினாள். மூடியைப் பற்றிச் சொன்னாள், மூன்று சீட்டுகளைப் பற்றிச் சொன்னாள்.

“கட்டச் சொன்னது நான். எட்டு மாசம் நீங்க கழுவினதெல்லாம் மேட்டுக்குப் போனது என்னாலதான். ஏற்பாட்டுல குறை இல்லை. குறை என் முடிச்சுல.”

கேரியரில் இருந்த மருந்துக்கடைக்காரருக்குக் கூடச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பத்தில் மூன்று இன்னமும் மேட்டுக்குத்தானே போகிறது, அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வந்தது ஜன்னல் பக்கத்திலிருந்து.

“என் பஸ்ஸுல பத்து சீட்டுல மூணு காலியா இருந்தா, மத்த ஏழு பேரையும் நடந்து போகச் சொல்லலாமா சார்?” என்றார் பஸ் டிரைவர். பிறகு அண்ணியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “போன வாரம் நான் பார்த்தது நிஜம். நேத்து பார்த்ததும் நிஜம். என் வீட்டு எண்ணெய் டப்பா ஆலைக்குப் போயிடுச்சு. நான் வேணும்னு கை தூக்கறேன்.”

டீச்சர் எண்ணினாள். மீண்டும் எண்ணினாள். இருபத்திரண்டு கைகள். மருந்துக்கடைக்காரரின் கை கொஞ்சம் தாமதமாக, காதைச் சொறிவது போல ஏறி, இருபத்து மூன்றாவதாக நின்றது. டாக்டர் மட்டும் தலைவர் கை தூக்கக் கூடாது என்று சும்மா இருந்தார். அறையில் எழுந்த கைதட்டலில் ஒரு சைக்கிள் சாய்ந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை முடிச்சக்கா மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். ஏற்பாடு தொடர வேண்டும் என்பதை முதல் வரியிலேயே வைத்தாள். இதுவரை பைகளைக் கட்டி அனுப்பியது தங்கள் தவறு என்று அடுத்த வரியில். மூடியின் வெளிப்பக்கம் எழுதியிருப்பதை உட்பக்கமும் எழுதினால் மூடியைத் திறந்தே வைக்கும் மற்ற கட்டடங்களுக்கும் உதவும் என்று மூன்றாவதாக. கீழே இருபத்து மூன்று கையெழுத்துகள். கடிதத்தை மடித்து உறையில் போட்டதும் பழக்க தோஷத்தில் அவள் கை இழுப்பறைக்குள் நூல்கண்டைத் தேடிப் போனது. கையை வெளியே இழுத்துக்கொண்டு பசையை எடுத்தாள்.

நகராட்சி அலுவலகம் கொழுந்தனின் தடத்தில்தான் இருந்தது. பஸ் தெருமுனையில் நின்றது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

“முடிச்சு எதுவும் போடலையே அண்ணி?”

“ஒட்டியிருக்கேன். பிரிச்சுப் படிக்க முடியும். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.”

உறையை அவர் சட்டைப் பையில் நேராகச் செருகிக்கொண்டார். பஸ் கிளம்பியது.