இடது பக்க சீட்டு

“மேடம், நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க. டெஸ்ட் டிரைவ்னா முன்னாடி எங்க ஆள் ஒருத்தர் இருக்கணும்னு ரூல்” என்று சொல்லிக்கொண்டே கருணாகரன் வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான். சுலோச்சனாவின் கை அதற்குள் முன்கதவின் பிடியில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் நின்றாள். தி. நகர் ஷோரூம் வாசலில் வெள்ளை வெளேரென்று நின்ற அந்த மாருதி வேனை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று காலையிலிருந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு, தான் கேட்பது எந்த இடத்தை என்று தெரிய நியாயமில்லை.

“நான் முன்னாடி உக்காந்துக்கறேனே. நீங்க பின்னாடியிலேர்ந்து சொன்னாலும் அவருக்குக் கேக்குமே.”

“இவ பக்கத்துல இருந்தாத்தான் என் லைசென்ஸ் செல்லும்னு நெனச்சிண்டிருக்கா சார்” என்றார் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சுப்புராயன்.

கருணாகரன் விழுந்து விழுந்து சிரித்தான். வாடிக்கையாளர் எது சொன்னாலும் அப்படிச் சிரிப்பான் போலிருக்கிறது. சுப்புராயனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் மனைவியை ஒரு தடவை பார்த்தார். கண்ணை மட்டும் திருப்பாமல் கழுத்தையே முழுசாகத் திருப்பிப் பார்த்தார், இப்போதெல்லாம் அப்படித்தான். மேல்மாடி ஃப்ளாட்டிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஷ்ரேயா அதற்குள் வேனுக்குள் தாவி ஏறி, பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். “மாமி, இங்க வாங்கோ! ஜில்லுனு இருக்கு!” ஆறு வயதுக் குழந்தையைத் தனியே பின்னால் விடுவதாவது. சுலோச்சனா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த ஃப்ளாட்டில் சுலோச்சனாவுக்கு ஒரு பெயர் உண்டு. காரில் ஏறினால் வாய் மூடாதவள் என்று. ‘லெஃப்ட்ல சைக்கிள் வரது’, ‘ஆட்டோ நுழையறான் பாருங்கோ’, ‘மெதுவா, மெதுவா, மாடு’ என்று லஸ்ஸிலிருந்து திருவான்மியூர் வரை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். பின்னால் உட்கார்ந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கேலி செய்து தீர்த்தாயிற்று. அந்தப் பழைய ஃபியட்டுக்கு இரண்டு ஹார்ன், அதில் ஒன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருக்கிறது என்றார் ஒரு நாத்தனார் புருஷன். சுப்புராயனும் கூடச் சேர்ந்துகொள்வார். நச்சரிப்பவள் என்று பெயரெடுப்பதில் அவளுக்கு வருத்தமே இருந்ததில்லை, ஏனென்றால் விஷயம் வெளியே தெரியாமல் இருக்க அதைவிட நல்ல மறைப்பு கிடைத்திருக்காது.

அவருக்கு இடது பக்கம் தெரியவில்லை.

ஒரே நாளில் போனதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தட்டில் இடது ஓரம் வைத்திருந்த வாழைக்காய்க் கறியைத் தொடாமலே, “இன்னிக்குக் கறி ஒண்ணும் பண்ணலையா?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு குளியலறை நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். இடப்பக்கமாக வந்து காப்பியை நீட்டினால், பேயைக் கண்டதுபோலத் திடுக்கிட்டார். பிறகொரு நாள் தெற்கு மாடவீதியில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் குடையைக் கார் தட்டி விழச்செய்தது. குடைக்காரர் கத்திக்கொண்டிருக்க, இவர் பாட்டுக்கு ஏதோ ராகத்தை முனகிக்கொண்டு ஓட்டிக்கொண்டே போனார். அன்றைக்குத்தான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. கண் டாக்டரிடம் போகலாம் என்று மன்றாடினாள். அவர் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வந்து, “கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன். கடைக்காரனே அசந்துபோய்ட்டான்” என்றார். நேரே இருப்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஓரம் மட்டும்தான் இல்லை. அதற்கு மேல் பேச்செடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

அதிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஏன் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. ஃபியட்டில் முன்சீட்டு ஒரே பலகை. கியரும் ஸ்டியரிங்கோடு சேர்ந்தது, ஆகையால் இருவருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. நகர்ந்து நகர்ந்து அவர் தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். வாயால் சொல்ல நேரமில்லாவிட்டால் அவர் தொடையில் ஒரு தட்டு. உடனே பிரேக் விழும். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை என்று நினைத்து, அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். மீறி நேர்ந்த சிராய்ப்புகளுக்கெல்லாம் ஃபியட் தன் தலையைக் கொடுத்தது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் ஆடுகிறது, கிழட்டு வண்டி வேறு எப்படி இருக்கும் என்பார். கேட்பவர்களும் ஆமாம் ஆமாம் என்பார்கள்.

எல்லாம் போன மாதம் கெட்டது. ஃப்ளாட்டில் நாலு குழந்தைகள் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் ஆதம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார். பெற்றோர்கள் மாடிப்படியில் கூடி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, “அதுக்கென்ன, ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திண்டிருக்கேனே, நான் கொண்டுபோய் விடறேன்” என்றார் சுப்புராயன். யாரும் கேட்காமலே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சுலோச்சனா பார்த்தாள். குழந்தையே பிறக்காத வீடு அது. அந்த ஆசைக்குக் குறுக்கே நின்று, ‘உங்களுக்குக் கண் தெரியலை’ என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். தனியாக இருக்கும்போது அவர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வண்டி விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியட் நடுவழியில் நின்றுவிடும், குழந்தைகளுக்குப் பரீட்சை போய்விடும். அம்பாசிடர் யானை, கட்டித் தீனி போட முடியாது. சின்னக் காரில் நாலு பேரும் பையும் அடங்காது. வேன்தான் சரி, வேன் நிற்கவே நிற்காது, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். தினம் காலையில் அவள் சாமியிடம் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்த ஃபியட் இன்றைக்குக் கிளம்பவே கூடாது.

புது வண்டி வரும்வரை பெற்றோர்களே முறைவைத்துக் குழந்தைகளைக் கொண்டுவிட்டார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலாவது அவள் கூட இருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. முன்சீட்டுக்கு ஷ்ரேயாவும் இன்னொரு பையனும் இப்போதே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றான் கருணாகரன்.

வேன் கிளம்பியது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இந்த வண்டிக்கு மூக்கே கிடையாது. ஃபியட்டில் நீளமாக ஒரு பானெட் இருக்கும், போய் இடித்தால் முதலில் அது வாங்கிக்கொள்ளும். இதில் அவர் முட்டிக்கு முன்னால் ஒரு தகடு, அப்புறம் ரோடு. கருணாகரனின் தலையும் சீட்டின் முதுகும் இடது பக்கத்தை அவளுக்கும் மறைத்தன. எட்டி எட்டிப் பார்த்தாள். வாய் தானாகவே திறந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஷோரூமுக்கு வரும் வழியில், பயத்தோடு பயமாக, ஒரு யோசனை அவளுக்கு வந்திருந்தது. இன்றைக்கு ஒரு நாள் சொல்லாமல் இருந்துவிட்டால்? எங்கேயாவது ஒரு கல்லில், ஒரு கம்பத்தில் லேசாக உரசட்டும். மூன்றாம் மனிதன் ஒருவன் பார்க்கட்டும். ‘சார், உங்களுக்குக் கண்ணு சரியில்லை’ என்று அவன் வாயால் வரட்டும். அவள் சொல்ல வேண்டியதில்லை. நினைக்கும்போதே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெங்கட்நாராயணா ரோட்டில் திரும்பியதும் சுப்புராயனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பஞ்சு மாதிரி போறது சார்” என்றார். கருணாகரன் மைலேஜைப் பற்றி ஆரம்பித்தான். நடேசன் பார்க் போயிற்று. மர நிழலில் நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷா இடது ஜன்னலை ஒட்டி, கையெட்டும் தூரத்தில் பின்னால் ஓடியது. கருணாகரன் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான். “சார், கொஞ்சம் ரைட்ல வாங்க” என்றான். அவர் வந்தார், ஆனால் கொஞ்ச நேரத்தில் வேன் மறுபடி ஓரத்துக்கே சாய்ந்தது. ஷ்ரேயா அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, “மாமி, திங்கக்கெழமைலேர்ந்து நாங்க இதுலதான் போவோமா?” என்று கேட்டாள்.

சுலோச்சனா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பின்னல், நெற்றியில் கோணலாக ஒரு சாந்துப் பொட்டு. ஒரு விநாடிதான் பார்த்திருப்பாள். நிமிர்ந்தபோது, கருணாகரனின் காதுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு பூக்கூடை தெரிந்தது. கூடைக்குப் பக்கத்தில், ரோட்டில் காலை வைத்துக்கொண்டு, ஒரு பொடிசு.

“ஏன்னா! லெஃப்ட்! லெஃப்ட்ல கொழந்தை!”

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வேன் குலுங்கி, தூக்கிப் போட்டு, அணைந்து நின்றது. தகடு எதிலோ மோதிய சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மையில் சுலோச்சனா செத்துப் பிழைத்தாள். கருணாகரன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். முதலில் கதம்பம் சிதறிக் கிடந்தது தெரிந்தது, பிறகு நசுங்கிய கூடை, பிறகு குழந்தையை ஒரு கையால் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த பூக்காரி. குழந்தை அழுதது. அழட்டும், அழுகிற குரல் கேட்கிறதே என்று சுலோச்சனாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“யோவ் பெர்சு! கண்ண இன்னா பொடனில வச்சிக்கினு ஓட்டறியா? இம்மாம் பெரிய கூட கீது, கொயந்த நிக்கிது, தெர்ல உனுக்கு?”

“சாரிம்மா, சாரி. கோச்சுக்காத. ட்ரையல் பாக்குற வண்டிம்மா” என்றான் கருணாகரன்.

“ட்ரையல் பாக்க என் புள்ளதான் கெட்ச்சிதா?”

ரோட்டில் யார் யாரையும் திட்டுகிற திட்டுதான். மெட்ராஸில் வண்டி ஓட்டுகிற எவனும் வாரத்துக்கு ஒரு தடவை வாங்கிக்கொண்டு போகிற திட்டு. சுப்புராயன் மட்டும் அதைத் தாங்க முடியாதவர் மாதிரி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடரி முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. கருணாகரன் பூவைப் பொறுக்கிக் கொடுத்து, சமாதானம் பேசி, திரும்பி வந்து ஏறினான். முகம் வெளுத்திருந்தாலும் தொழில் மறக்கவில்லை. “பரவால்ல சார். முன்னாடி பானெட் இல்லாம ஓட்டறது ஃபர்ஸ்ட் டைம் எல்லாருக்குமே இப்படித்தான். ரெண்டு நாள்ல பழகிடும்.”

“ஆமா, பானெட் இல்லையோன்னோ” என்றார் சுப்புராயன். “பழகிடும்.”

சுலோச்சனாவுக்குப் புரிந்துவிட்டது. ஃபியட் சுமந்ததையெல்லாம் இனிமேல் இது சுமக்கப்போகிறது. வண்டி புதுசு, பானெட் இல்லை, பூக்காரி ரோட்டில் கடை போட்டாள். அவள் வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து. மூடிக்கொண்டிருந்ததன் பலனைத்தான் இப்போது பார்த்தாயிற்று. இத்தனை நாள் திறந்து திறந்து அவரை ஓட்டவைத்ததும் அவள்தானே. அவள் மடியில் ஷ்ரேயா முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

சுப்புராயன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உயிர் பெற்றது. கியரைப் போடக் கையைக் கொண்டுபோனார். அதை எடுத்து மறுபடி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

“சுலோ” என்றார். திரும்பவில்லை. “லெஃப்ட்ல யாராவது இருக்காளா?”

இரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுவும் அடுத்தவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. எழுந்து, கருணாகரனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பூக்காரி குழந்தையோடு அடுத்திருந்த கோயில் பக்கம் போய்விட்டாள். நடைபாதை வரைக்கும் ஈ காக்கை இல்லை. வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் எடுத்துவிடுவார். நேரே ஷோரூமுக்குப் போய்ப் பணம் கட்டுவார். திங்கட்கிழமை காலையில் நாலு குழந்தைகளும் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து நிற்கும்.

“இருக்கா” என்றாள். “நெறைய பேர் இருக்கா. எடுக்காதீங்கோ.”

ஷ்ரேயா மடியிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தாள். “எங்க மாமி? யாருமே இல்லையே?”

அது அவர் காதில் விழுந்தது. விழுந்ததை அவர் முதுகிலிருந்தே சுலோச்சனா கண்டுகொண்டாள். கருணாகரன் காலி ரோட்டைப் பார்த்தான், திரும்பி அவளைப் பார்த்தான், பிறகு சுப்புராயனை வெகுநேரம் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இன்னும் இருக்காளா, சுலோ?” என்றார் அவர். குரல் எழும்பவேயில்லை.

“இருக்கா.”

“சரி.”

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், ஆளில்லாத ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். கருணாகரனின் கை மெதுவாக இறங்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தது.